மினசோட்டாவில் முதல் குளிர்காலம்: நவம்பரில் வந்து இறங்குகிறவர்களுக்கு

கேள்வி:

நவம்பர் இரண்டாவது வாரம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு, மினியாபொலிஸ் நகரத்துக்கு வருகிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள். இதுவரை நாங்கள் பார்த்த குளிர் ஊட்டிக் குளிர்தான். ஊரைச் சொன்னாலே அலுவலகத்தில் "அங்கேயா?" என்று பரிதாபமாகப் பார்க்கிறார்கள். மாநிலம் எப்படி, மனிதர்கள் எப்படி, கோவையிலிருந்து எதையெல்லாம் வாங்கி வரவேண்டும்?

பதில்:

முதலில் கோட்டு. அதை அங்கே வாங்காதீர்கள். ஊட்டிக்குப் போட்ட ஸ்வெட்டர் பெட்டியின் எடையைத் தின்னுமே தவிர, இங்கே நவம்பரைத் தாங்காது. மினசோட்டாவில் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது, மளிகைக்கும் கிடையாது. விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேரும் அளவுக்கு ஒன்று இருந்தால் போதும். மறுநாளே கடைக்குப் போய்விடுங்கள். கோட்டைவிடக் காலுக்குப் போடுவது முக்கியம். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பளி வாங்குங்கள். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன் சூடு தரும். நான் பன்னிரண்டு வருடம் முன்பு பளபளவென்று தோல் ஷூ போட்டுக்கொண்டு வந்தவன். இரண்டாவது வாரமே கார் நிறுத்துமிடத்தில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கி, ஒரு மாதம் இடது கையால் சாப்பிட்டேன். தரையில் கண்ணுக்கே தெரியாத ஐஸ் இருக்கும். உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, குட்டிக் குட்டி அடியாக, பெங்குயின் மாதிரி நடங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள், அவர்களும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

குழந்தைக்குப் பனியில் போடும் பேன்ட், பூட்ஸ், தொப்பி எல்லாம் வேண்டும், பள்ளியில் மாற்றுக்கு ஒரு ஜோடி சாக்ஸும் வைத்துவிடுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் உறைநிலைக்குக் கீழே போனாலும் இடைவேளைக்கு வெளியே விட்டுவிடுவார்கள். முதல் வாரம் உங்களுக்கு வயிறு கலங்கும். மகள் சந்தோஷமாகத்தான் இருப்பாள்.

எவ்வளவு குளிர் என்று கேட்டால், ஜனவரியில் பகலிலும் பூஜ்யத்துக்குக் கீழே இருப்பது சாதாரணம். 2019 ஜனவரி கடைசியில் இங்கே மைனஸ் 33 செல்சியஸ் வரை போய், தபால் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டார்கள். மாநிலத்தின் சாதனை வடக்கே டவர் என்ற ஊரில், 1996 பிப்ரவரி 2 அன்று: மைனஸ் 60 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 51 செல்சியஸ். (மைனஸ் 40-இல் இரண்டு அளவும் ஒன்றாகிவிடும். அன்றைக்கு மட்டும் ஊருக்குப் போன் பேசும்போது மாற்றிச் சொல்லவேண்டிய வேலை மிச்சம்.)

ஆனால் குளிரைப் பற்றிப் பேசி ஓய்ந்தபிறகு ஒன்று புரியும். இந்த மாநிலமே ஐஸ் செய்த மாநிலம். பத்தாயிரம் வருடங்களுக்கு முன்புவரை பெரும் பனிப்பாறைகள் இந்த நிலத்தைச் சுரண்டி இழுத்துக்கொண்டிருந்தன. அவை உருகி விட்டுப்போன பள்ளங்கள்தான் இந்த ஏரிகள். கார் நம்பர் பலகையில் "பத்தாயிரம் ஏரிகள்" என்று போட்டிருப்பார்கள். அது அடக்கமான கணக்கு: பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளவை மட்டும் 11,842. மாநிலத்தின் பெயரே தண்ணீர்தான்; இந்த நிலத்தின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களின் மொழியில் 'ம்னி' என்றால் நீர், வானத்தின் சாயல் படிந்த நீர் என்று பொருள் சொல்வார்கள். பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஒன்றே முக்கால் மடங்கு, மக்கள்தொகையோ 57 லட்சம்தான். அதிலும் பாதிக்கு மேல் மினியாபொலிஸ், தலைநகர் செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களையும் சுற்றுப்புறத்தையும் விட்டு நகர்வதில்லை. காரில் இரண்டு மணி நேரம் வடக்கே போனால் மனித நடமாட்டம் குறைந்துகொண்டே வருவது தெரியும்.

மிசிசிப்பி பிறப்பது இங்கேதான், இட்டாஸ்கா ஏரியில். தலைக்காவிரிக்குப் போனவர்களுக்கு அந்த உணர்ச்சி தெரியும். ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் கல் போட்டிருக்கிறார்கள்; அவ்வளவு பெரிய நதியை உங்கள் மகள் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடுவாள். கோடையில் கட்டாயம் போங்கள்.

அந்த நதி மினியாபொலிஸுக்குள் செயின்ட் ஆன்டனி அருவியாக விழுகிறது. நகரம் அங்கே முளைத்ததற்கு அந்த அருவிதான் காரணம். அதன் விசையில் மர அறுவை ஆலைகள் ஓடின, அப்புறம் மாவு ஆலைகள். 1880 முதல் 1930 வரை உலகத்தின் மாவுத் தலைநகரம் என்றே பெயர். நம் வீட்டில் கேக்குக்கு வாங்கும் பில்ஸ்பரி மாவின் பூர்வீகம் இந்த ஆற்றங்கரை. 1878 மே 2 அன்று வாஷ்பர்ன் ஆலையில் காற்றில் பறந்த மாவுத்தூள் தீப்பிடித்து வெடித்து 18 பேர் செத்தார்கள். அதே இடத்தில் திரும்பக் கட்டிய ஆலையின் இடிபாட்டுக்குள் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. ரயிலுக்காக 1883-இல் கட்டிய கல் வளைவுப் பாலம் பக்கத்திலேயே. அதில் இப்போது நடக்கலாம். உங்கள் அலுவலகம் டவுன்டவுனில் என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே பார்த்துவிட்டு வரலாம். குளிர் நாளில் ஸ்கைவே இருக்கிறது. கட்டடத்துக்குக் கட்டடம் தரைத்தளத்துக்கு ஒரு மாடி மேலே கண்ணாடிப் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுச் சட்டையோடு போய்ச் சாப்பிட்டுத் திரும்பலாம். முதல் மாதம் வழி தவறும். எனக்கு இன்னும் தவறுகிறது.

கேள்வி:

நன்றி அண்ணா. கார் உடனே வாங்க வேண்டுமா? வீட்டுக்காரரிடம் என்ன கேட்கவேண்டும்?

பதில்:

புறநகரில் வீடு என்றால் கார் இல்லாமல் முடியாது. குடிவந்து 60 நாட்களுக்குள் மினசோட்டா லைசென்ஸ் எடுத்தாக வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் பனி விழுந்ததும் ஒரு காலியான கார் நிறுத்துமிடத்தில் வேண்டுமென்றே பிரேக் போட்டு, வண்டி எப்படி வழுக்குகிறது என்று பழகுங்கள். டாங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். டிக்கியில் கம்பளம், டார்ச், சிறிய ஷவல். பனியில் சிக்கி நின்றுவிட்டால் எஞ்சினை ஓட்டும் முன் பின்னால் புகைக்குழாய் பனியில் புதைந்திருக்கிறதா பாருங்கள். அடைத்திருந்தால் விஷப்புகை உள்ளே வரும்.

அப்புறம் 'ஸ்னோ எமர்ஜென்சி' என்று ஒன்று இருக்கிறது. பெரும் பனி விழுந்தால் தெருவைச் சுத்தம் செய்ய இன்ன நாள் இன்ன பக்கம் வண்டி நிறுத்தக்கூடாது என்று நகராட்சி அறிவிக்கும். எமர்ஜென்சி என்றால் ஆம்புலன்ஸ் சமாச்சாரம் என்று நினைத்து நான் சும்மா இருந்தேன். காலையில் வண்டி இருந்த இடத்தில் பள்ளமாகச் சுத்தமான தார் மட்டும் இருந்தது. மீட்க ஆன செலவை இங்கே எழுதினால் என் மனைவி மறுபடி ஆரம்பிப்பாள்.

வாடகை வீட்டில் சூட்டின் கட்டுப்பாடு உங்கள் கையில் இல்லையென்றால், அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குறைந்தது 68 ஃபாரன்ஹீட் (20 செல்சியஸ்) சூடு வீட்டுக்காரர் தரவேண்டும், அது மாநிலச் சட்டம். பிறகு வீடு வாங்கும்போது ரேடான் சோதனை செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பனிப்பாறை அரைத்துப்போட்ட மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு அது. வாசனை, நிறம் எதுவும் கிடையாது. இங்கே ஐந்து வீட்டில் இரண்டில் அளவுக்கு மேல் இருக்கிறது என்று மாநிலச் சுகாதாரத் துறையே சொல்கிறது. சரிசெய்யக் குழாயும் விசிறியும் போதும்.

இன்னொன்று மறந்துவிட்டேன். மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஊரெங்கும் சங்கு ஊதும். போர் எதுவும் இல்லை, சூறாவளி எச்சரிக்கைக்கான சோதனை. வேறு நேரத்தில் ஊதினால் பேஸ்மென்ட்டுக்கு ஓடுங்கள்.

கேள்வி (மனைவி எழுதுகிறேன்):

அங்கே மனிதர்கள் ரொம்ப நல்லவர்கள் என்று சிலர், நட்பே கிடைக்காது என்று சிலர். எது உண்மை?

பதில்:

இரண்டும் உண்மைதான் அம்மா. 'மினசோட்டா நைஸ்' என்று அதற்குப் பெயரே உண்டு. கார் பனியில் மாட்டினால் முன்பின் தெரியாதவர் வண்டியை நிறுத்தி, தள்ளிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போவார். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் நடைபாதையையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். ஆனால் வீட்டுக்குள் கூப்பிடமாட்டார். எந்த ஊருக்கும் வழி சொல்வார்கள், தங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்லமாட்டார்கள் என்று அவர்களே கேலி பேசிக்கொள்வது உண்டு. நார்வே, ஸ்வீடன், ஜெர்மனியிலிருந்து வந்த விவசாயிகளின் சந்ததிகள் நிறைய. அடக்கமாக இருப்பதே பெருமை. உங்கள் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு "வித்தியாசமாக இருக்கிறது" என்றால், பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால் பல விஷயங்களில் அவர்கள் நம்மைப் போலத்தான். காபி வேண்டுமா என்றால் முதலில் வேண்டாம் என்பார்கள், இரண்டாவது முறையும் வேண்டாம், மூன்றாவது முறை "சரி, கொஞ்சமாக." என் அம்மா வந்திருந்தபோது முதல் நாளே இதைப் பிடித்துக்கொண்டார். விடைபெற்ற பிறகு வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுவதும் அப்படியே. ஆகவே நீங்கள்தான் முதலில் கூப்பிட வேண்டும். தெருவில் மனிதர்கள் தென்படும் கோடையில் அறிமுகம் செய்துகொள்வது எளிது. நீங்கள் நவம்பரில் வருவதால் அது நடக்காது. பள்ளி, நூலகம் வழியாகப் பிடியுங்கள்.

நம்மவர்களுக்குக் குறைவில்லை. ஈடன் பிரெய்ரி, பிளிமத், மேப்பிள் குரோவ், ஈகன், உட்பரி பக்கமெல்லாம் இருக்கிறார்கள். மினசோட்டாத் தமிழ்ச் சங்கம் நடத்தும் தமிழ்ப் பள்ளியில் மகளைச் சேருங்கள். மேப்பிள் குரோவில் பெரிய இந்துக் கோயில் இருக்கிறது. பாகற்காய்க்கும் பச்சை மிளகாய்க்கும் ஏங்கினால் செயின்ட் பாலில் உள்ள மாங் மக்களின் சந்தைக்குப் போங்கள். வியட்நாம் போருக்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அவர்கள். சோமாலியர்கள் அமெரிக்காவிலேயே அதிகம் வாழ்வதும் இங்கேதான். போரைத் தப்பி வந்து இந்தக் குளிரில் கடை போட்டு நிமிர்ந்தவர்களிடம் காய்கறி வாங்கும்போது, நான் இங்கே புலம்புவது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றும்.

அந்த நைஸுக்கு அடியில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்து இறங்கும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஸ்னெல்லிங் கோட்டை இருக்கிறது. 1862-இல், நிலத்தைப் பறிகொடுத்து, ஒப்பந்தப்படி வரவேண்டிய பணமும் வராமல் பட்டினி கிடந்த டகோட்டா மக்கள் போரில் இறங்கினார்கள். தோற்றபின் டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் அத்தனை பேரைத் தூக்கிலிட்டது வேறெங்கும் இல்லை. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் சுமார் 1,600 பேரை அந்தக் குளிர்காலம் முழுக்கக் கோட்டைக்குக் கீழே அடைத்து வைத்தார்கள். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை போலீஸ் கொன்றதும் நீங்கள் வரும் மினியாபொலிஸில்தான். இங்கே வாழ்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொருவர்:

ராச்செஸ்டரிலிருந்து எழுதுகிறேன். எல்லாம் இரட்டை நகரங்களின் கதையாகவே இருக்கிறதே! 1883-இல் ஒரு சூறாவளி இந்த ஊரைப் புரட்டிப்போட்டது. காயம்பட்டவர்களைப் பார்க்க ஆளில்லாமல் தவித்ததைக் கண்ட கன்னியாஸ்திரீகள், மருத்துவர் மேயோவோடு சேர்ந்து 1889-இல் மருத்துவமனை திறந்தார்கள். உலகப் புகழ்பெற்ற மருத்துவமனையான மேயோ கிளினிக் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது அதிலிருந்துதான்.

பதில்:

ஒப்புக்கொள்கிறேன். வடக்கையும் விட்டுவிட்டேன். டுலூத்துக்குப் போய் சுப்பீரியர் ஏரியைப் பாருங்கள், மறுகரை தெரியாது, கடல் என்றுதான் மகள் சொல்வாள். அந்தக் கரையில் டூ ஹார்பர்ஸ் என்ற ஊரில் 1902-இல் கொரண்டம் என்ற, தேய்த்து மெருகேற்ற உதவும் கடினமான கனிமத்தை வெட்ட ஒரு கம்பெனி தொடங்கினார்கள். வெட்டியபின்தான் அது கொரண்டமே இல்லை என்று தெரிந்தது. அப்புறம் உப்புத்தாள் செய்யப் போனார்கள். நாம் ஒட்டுகிற டேப்பெல்லாம் விற்கும் த்ரீ எம் அதுதான், அந்த முதல் எம் மினசோட்டா.

வரைபடத்தில் மாநிலத்தின் உச்சியில் ஒரு சின்னக் கொண்டை தெரியும், நார்த்வெஸ்ட் ஆங்கிள். 1783-இல் பிரிட்டனோடு எல்லை ஒப்பந்தம் போட்டபோது வரைபடம் தப்பாக இருந்ததால் வந்த வினை. சாலை வழியே போகவேண்டுமானால் கனடாவுக்குள் நுழைந்துதான் போகமுடியும். விசாவில் இருக்கிறவர்கள் மீன் பிடிக்கும் ஆசையில் கிளம்பிவிடாதீர்கள்.

மீன் என்றதும் ஞாபகம் வந்தது. ஜனவரியில் ஏரிமேல் கார்களும் குடிசைகளும் நிற்கும், ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். நடக்க நான்கு அங்குல ஐஸ் வேண்டும், சின்னக் காருக்கு ஒன்பது பத்து. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. முதல் வருடம் உள்ளூர்க்காரர் யாராவது கூட்டிப்போனால் மட்டும் போங்கள்.

கோவையிலிருந்து என்ன கொண்டுவருவது என்று கேட்டிருந்தீர்கள். குக்கருக்கு ரப்பர் வளையம் நான்கு, கண்ணாடி போடுகிறவர்கள் என்றால் கூடுதலாக ஒரு ஜோடி, மகளின் தடுப்பூசி அட்டை. கறிவேப்பிலைச் செடி இங்கேயே நம்மவர் யாரிடமாவது கிடைக்கும். தெற்கு ஜன்னலோரம் வைத்து, மே கடைசியில் வெளியே எடுத்து, செப்டம்பரில் மறக்காமல் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், மனம் கொஞ்சம் சுருங்கும். வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வந்து சேர்ந்ததும் இங்கே எழுதுங்கள். எங்கள் கராஜில் மகளுக்கு அளவான ஸ்லெட் ஒன்று சும்மா கிடக்கிறது.