புதுத் தேனீப் பெட்டி: மழை பிடித்ததிலிருந்து ஈ குறைகிறது, அடையில் நூலாம்படை. நோயா, பூச்சியா?

குலசேகரம்_புதியவன்

வணக்கம். குலசேகரம் பக்கம் வீடு. சுற்றிலும் ரப்பர், எங்கள் இடத்தில் தென்னையும் கொஞ்சம் வாழையும். ஜூன் தொடக்கத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் நியூட்டன் வகை மரப்பெட்டி ஒன்று வாங்கினேன். நாட்டு ஈ, அதாவது அடுக்குத் தேனீ. கீழே புழு வளரும் அறையில் ஆறு சட்டம் (ஈ அடை கட்டும் மரச்சட்டகம்) அடையோடு இருந்தது. மேலே தேன் அறை, காலிச் சட்டங்களோடு. "வச்சுட்டா போதும், அதுபாட்டுக்கு நிக்கும்" என்றார் விற்றவர்.

முதலில் வாசலில் நல்ல போக்குவரத்து இருந்தது. மழை பிடித்த பிறகு குறைந்துகொண்டே வருகிறது. இப்போது மூன்று சட்டத்தில்தான் ஈ நிற்கிறது. ஓரத்து அடைகள் கறுத்துப்போய் காலியாக இருக்கின்றன, ஒன்றில் வெள்ளையாக நூலாம்படை, அடிப்பலகையில் கறுப்புத் துகள். காலையில் போய்ப் பார்த்தால் வாசலுக்குக் கீழே வெள்ளைப் புழுக்கள் செத்துக் கிடக்கின்றன. பெட்டிக் காலில் எறும்பும் ஏறுகிறது.

இது நோயா? நூலாம்படைக்கு மருந்து இருக்கிறதா? ராணி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த வருடம் தேனை மறந்துவிட வேண்டியதுதானா?

மலைநாட்டான்

நூலாம்படை என்றால் மெழுகுப் பூச்சி. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து உள்ளே ஒரு அடி அடியுங்கள், போய்விடும். நாட்டு ஈ எப்போதும் இப்படித்தான் ஓடும். இத்தாலியன் ஈ வாங்கியிருக்கலாம், பெட்டிக்குத் தேனும் அதிகம்.

மார்த்தாண்டம்_அண்ணாச்சி

தம்பி, வேப்பெண்ணெய் வேண்டாம். ஈ இருக்கிற பெட்டிக்குள் எண்ணெயோ மருந்தோ எதையும் அடிக்காதீர்கள். பூச்சி சாகிறதோ இல்லையோ, மிச்சம் இருக்கிற ஈ அன்றைக்கே கிளம்பிவிடும். இத்தாலியனைப் பற்றிப் பிறகு பேசலாம். அதற்கு மேய்ச்சல் அதிகம் வேண்டும், உண்ணித் தொல்லை உண்டு, பூ இல்லாத காலத்தில் பெட்டியை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் போக வேண்டும். ஒற்றைப் பெட்டிக்காரருக்குச் சரிப்படாது.

மெழுகுப் பூச்சி இருப்பது உண்மைதான், ஆனால் அதனால் ஈ குறையவில்லை. ஈ குறைந்ததால்தான் அது வந்திருக்கிறது. இரவில் அந்த அந்துப்பூச்சி உள்ளே புகுந்து இடுக்குகளில் முட்டை வைக்கும். ஈ மூடி நிற்கிற அடையில் அதன் பிள்ளைகள் பிழைக்காது, ஈயே இழுத்து வெளியே போட்டுவிடும். ஈ நிற்காத பழைய கறுத்த அடைதான் அதற்குச் சாப்பாடு. ஆகவே ஈ ஏன் குறைந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மழை விட்டிருக்கும்போது காலை பத்து மணிவாக்கில் ஒரே ஒரு தடவை திறந்து மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, செத்த புழு. அடையில் மெழுகு மூடாத சின்ன அறைகளில், அல்லது மூடியில் ஓட்டை விழுந்த அறைகளில், புழு தலையைத் தூக்கிக்கொண்டு நீளமாக மல்லாந்து கிடக்கிறதா? சின்ன இடுக்கியால் எடுத்தால் தோல் பையாக வந்து, உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா? அப்படியானால் அது சாக்கு நோய், வைரஸ். 1991, 92இல் குமரி மாவட்டத்துப் பெட்டிகளைத் துடைத்து எடுத்தது அதுதான். வரிசை வரிசையாகக் காலிப் பெட்டி கிடந்ததைப் பார்த்தவன் நான். அதற்கு மருந்து கிடையாது, நோய் தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்து பெருக்கித்தான் இங்கே தொழில் மறுபடி எழுந்தது.

இரண்டு, முட்டை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, சட்டத்தைச் சாய்த்து அறையின் அடியைப் பாருங்கள். அறைக்கு ஒரு முட்டை, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடாக நின்றால் ராணி இருக்கிறது. முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும், எனவே இந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது என்று அர்த்தம். ராணியையே தேட வேண்டாம். ஒரே அறையில் இரண்டு, மூன்று முட்டை, அதுவும் சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தால் ராணி போய், வேலைக்கார ஈ முட்டை வைக்கத் தொடங்கிவிட்டது. அது வேறு கதை.

மூன்று, அடையின் மேல் ஓரம். புழுப் பகுதிக்கு மேலே வளைவாகத் தேன் இருக்க வேண்டும். இருக்கிறதா?

குலசேகரம்_புதியவன்

அண்ணாச்சி, நன்றி. இன்று வெயில் தலைகாட்டியது, பார்த்துவிட்டேன். செத்த புழு எதுவும் பையாக வரவில்லை. வாசலில் கிடப்பவையும் வெள்ளையாகவே இருக்கின்றன, சில பாதி சப்பியதுபோல் கிடக்கின்றன. முட்டை இருக்கிறது, அறைக்கு ஒன்றுதான், ஆனால் உள்ளங்கை அகலத்துக்குக்கூட இல்லை. மூடிய புழு அதைவிடக் கொஞ்சம் அதிகம். தேன் சுத்தமாக இல்லை. மேல் ஓரம் முழுக்க காலி அறைகள்.

கருங்கல்_அக்கா

அப்படியானால் பசி. தீனி இல்லாதபோது ஈ தன் புழுவையே சப்பிவிட்டு வெளியே இழுத்துப் போடும். அதுதான் வாசலில் கிடக்கிறது.

காரணம் இதுதான். நம் மாவட்டத்தில் தேன் என்றால் ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று இலை சேரும் காம்பு நுனியில் சுரப்பிகள் இருக்கின்றன, அங்கே ஊறுகிற மதுரம்தான் ஜனவரிக்குப் பிறகு ஏப்ரல் வரை பெட்டியை நிரப்புகிறது. இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும். ஜூனில் தென்மேற்கு மழை வேறு வந்துவிட்டால் பூவில் இருப்பதும் கழுவிப் போகும், ஈ வெளியேயும் போக முடியாது. சுற்றிலும் பச்சையாக ரப்பர் நிற்கும், ஈக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. உங்களுக்குத் தென்னை இருப்பதால் மகரந்தம் கொஞ்சம் வருகிறது, அதனால்தான் இந்த அளவாவது நிற்கிறது.

சீசன் முடிந்து தேனை எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் பெட்டியை விற்பது இங்கே வழக்கம்தான். ஆறு மாதம் தீனி போடும் செலவு அவர்களுக்கு மிச்சம். விற்றதில் தப்பில்லை, சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: மேலே இருக்கும் தேன் அறையை எடுத்துவிடுங்கள். மூன்று சட்டத்து ஈக்கு இரண்டு மாடி எதற்கு? அந்த வெற்றிடத்தையும் அதுதான் சூடாக வைக்க வேண்டியிருக்கிறது. நூலாம்படை பிடித்த அடையையும், ஈ நிற்காத மற்ற அடைகளையும் வெளியே எடுங்கள். ஈ உள்ள சட்டங்களை ஒரு பக்கமாக நெருக்கிவைத்து, பக்கத்தில் சட்ட அளவுக்கு ஒரு தடுப்புப் பலகை. அடிப்பலகையைச் சுரண்டித் துடைத்து, துகளைப் பெட்டிக்குக் கீழே கொட்டாமல் தூரமாகக் கொண்டுபோய் எரியுங்கள். வாசலை இரண்டு மூன்று ஈ சேர்ந்து போகிற அளவுக்குச் சுருக்குங்கள்.

சாயங்காலம், ஈ எல்லாம் அடைந்த பிறகு, சர்க்கரைப் பாகு. ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். சிரட்டையில் ஊற்றி, ஈ முழுகிச் சாகாமல் இருக்க நாலு ஈர்க்குச்சியைக் குறுக்கே போட்டு, தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் வையுங்கள். இரவுக்குள் காலியாகிற அளவு போதும். பெட்டிக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தினால் அடுத்த கூட்டத்து ஈ மோப்பம் பிடித்து வந்து சண்டையாகிவிடும், இந்த நிலைமையில் உங்கள் பெட்டி தாங்காது.

கருப்பட்டி, வெல்லம் வேண்டாம், ஈக்கு வயிற்றுப்போக்கு வரும். கடைத் தேனும் வேண்டாம், எந்தக் கூட்டத்து நோய் அதில் இருக்கிறதோ.

மலைநாட்டான்

சரி, வேப்பெண்ணெய் விஷயத்தில் அண்ணாச்சி சொல்வதே இருக்கட்டும். ஆனால் இது ஓடப்போகிற கூட்டம் மாதிரித்தான் தெரிகிறது. வாசலில் ராணித் தடுப்புத் தகடு மாட்டிவிடலாமே? வேலைக்கார ஈ போகும் வரும், ராணி வெளியேற முடியாது.

மார்த்தாண்டம்_அண்ணாச்சி

பசியில் நிற்கிற கூட்டத்துக்குத் தகடு மாட்டுவது கதவைப் பூட்டிப் பட்டினி போடுகிற வேலை. ஓடப்போகிற கூட்டத்தில் முதலில் முட்டை நிற்கும், மூடிய புழுவெல்லாம் வெளிவந்து முடியும், அப்புறம்தான் கிளம்பும். இவருக்கு இன்னும் முட்டை இருக்கிறது. தீனி கிடைத்தால் நிற்கும்.

கருங்கல்_அக்கா

நான் இதில் அண்ணாச்சியோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. அடையை மாற்றி, மாடியை எடுத்து, இவ்வளவு கலைத்த பிறகு ஈ மிரண்டு கிளம்பவும் வாய்ப்பு உண்டு. பாகு கொடுத்துக்கொண்டே ஒரு வாரம் தகடு இருக்கட்டும், பிறகு கழற்றிவிடலாம். ஆண் ஈயும் அந்தத் துளையில் நுழையாது, உள்ளேயே சிக்கிச் செத்து வாசலை அடைக்கும், அதனால் தினமும் வாசலை ஒரு பார்வை பார்க்க வேண்டும். கன்னி ராணி இருக்கிற பெட்டிக்கு மட்டும் தகடு கூடவே கூடாது, அது இணை சேரப் பறக்க வேண்டும். இவருடையது முட்டை வைக்கிற ராணி, ஆகவே பயமில்லை.

குலசேகரம்_புதியவன்

அக்கா சொன்னபடி எல்லாம் செய்துவிட்டேன், தகடும் மாட்டினேன். நூலாம்படை அடையை உடைத்துப் பார்த்தபோது நடுவில் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து வைத்திருக்கிறது. மற்ற காலி அடைகளை என்ன செய்வது? தூக்கி எறிய மனமில்லை. எறும்புக்கு மஞ்சள்தூள் போட்டேன், சுற்றிக்கொண்டு ஏறுகிறது.

மார்த்தாண்டம்_அண்ணாச்சி

எறும்புக்கு மஞ்சளெல்லாம் ஒரு மழை வரைதான். பெட்டித் தாங்கியின் காலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்படி கிண்ணம் வையுங்கள். அதில் இலை, குச்சி விழுந்து பாலமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துச் செடியின் கிளை பெட்டியில் உரசினால் அதையும் வெட்டுங்கள், பாதி வீடுகளில் எறும்பு வருவது அந்த வழியில்தான்.

கறுத்த அடையை வைத்துக்கொண்டு பயனில்லை, உருக்கி மெழுகாக்குங்கள். வெளுப்பான நல்ல அடை இருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டு ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தால் பூச்சியின் முட்டையும் புழுவும் செத்துவிடும். வீட்டில் சம்மதம் வாங்குவது உங்கள் பொறுப்பு. எடுத்த பிறகும் பையைப் பிரிக்காமல் வைத்திருங்கள், கூட்டம் பெருகும்போது கொடுக்கலாம்.

இன்னொன்று, தினமும் திறக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்கிய எல்லாருக்கும் கை அரிக்கும். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை போதும், மற்ற நாளெல்லாம் வாசலைப் பார்த்தாலே தெரியும். காலில் மகரந்த உருண்டையோடு ஈ வந்தால் உள்ளே புழு வளர்கிறது.

சென்னை_மாடி

இடையில் ஒரு கேள்வி. அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் இப்படி ஒரு பெட்டி வைக்கலாமா?

கருங்கல்_அக்கா

பக்கத்து வீட்டுக்காரர் யாருக்காவது கொட்டு ஒவ்வாமை இருந்தால் வம்பு. வெயிலும் அதிகம், அடை உருகும். ஆசையாக இருந்தால் கொசுத்தேனீ வையுங்கள், அதற்குக் கொடுக்கு இல்லை. தேன் மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும். நாட்டு ஈ வைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால் வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் நேராக ஆஸ்பத்திரி.

குலசேகரம்_புதியவன்

நிலவரம் சொல்ல வந்தேன். தகட்டைக் கழற்றியாகிவிட்டது, கூட்டம் நிற்கிறது. வாசலில் செத்த புழு இல்லை. நடுச் சட்டத்தில் இரண்டு பக்கமும் முட்டை, மேல் ஓரத்தில் கொஞ்சம் பாகும் சேமித்திருக்கிறது. புது அடை வெள்ளையாக இழுக்கத் தொடங்கியிருக்கிறது. பாகு எப்போது வரை கொடுக்க வேண்டும்? இதையே பிரித்து இரண்டு பெட்டி ஆக்கலாமா, இல்லை இன்னொன்று வாங்கலாமா?

கருங்கல்_அக்கா

மழை விட்டு வெளியிலிருந்து வரத்து தெரிகிற வரை கொடுங்கள். செப்டம்பருக்குப் பிறகு தேவை தானாகக் குறையும். தேன் அறை வைத்த பிறகு ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் எடுப்பது தேன் இல்லை, உங்கள் சர்க்கரைதான். தேன் அறை டிசம்பர், ஜனவரி பக்கம், அதுவும் கீழே ஏழு சட்டமும் ஈ நிறைந்த பிறகு. அடையில் முக்கால் பங்கு மெழுகு மூடி விழுந்த பிறகு எடுத்தால் தேன் புளிக்காது. தளிர் விடும் நேரத்தில் மழையோ பனியோ பிடித்து இலையில் சாம்பல் நோய் வந்தால் பெரிய பெட்டிக்காரர்களுக்கே தேன் இருக்காது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம்_அண்ணாச்சி

பிரிப்பது இப்போது வேண்டாம். அக்டோபருக்கு மேல் கூட்டம் நிறைந்து ஆண் ஈ வர வேண்டும். ஆண் ஈ அறையின் மூடி மேடாக, நடுவில் ஊசித் துளையோடு இருக்கும், பார்த்தாலே தெரியும். ஆண் ஈ பறக்காத காலத்தில் பிரித்தால் புது ராணிக்கு இணை கிடைக்காது, இரண்டும் போகும்.

இன்னொரு பெட்டி வாங்கலாம், வாங்குவதே நல்லது. ஒன்றில் ராணி போனால் மற்றதிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தைக் கொடுத்தால் அதுவே ராணி வளர்த்துக்கொள்ளும். ஒற்றைப் பெட்டிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அக்டோபர், நவம்பரில் வாங்குங்கள். விலை கூடத்தான் சொல்வார்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லி முட்டை, மூடிய புழு, மேல் ஓரத் தேன் மூன்றையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். எடுத்து வருவது இருட்டிய பிறகு, வாசலைக் காற்றுப் போகிற வலையால் அடைத்து, சட்டம் ஆடாமல் கயிறு கட்டி. ரொம்பப் பக்கத்தில் வாங்கினால் ஈ பழைய இடத்துக்கே திரும்பிவிடும், இரண்டு மூன்று கிலோமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.