எஃப்எம் நிலையத்தில் ஆட்குறைப்பு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கமுங்க. கோவையில் ஒரு தனியார் எஃப்எம் நிலையத்தில் 9 வருடமாக ஒலிப்பதிவுப் பிரிவில் இருக்கிறேன். மறுசீரமைப்பாம்; காலை நிகழ்ச்சி தவிர மற்றதெல்லாம் இனி சென்னையிலிருந்தே வருமாம். அவினாசி ரோட்டு நெரிசல் அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? சரி, அது இருக்கட்டும்.

எச்ஆர் நீட்டிய தாளில் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று அவர்களே அடித்து வைத்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸும், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். நாமாக விலகினால் அது கிடையாது.

என் பதவிப் பெயர் ‘எக்ஸிகியூட்டிவ்’. ஆனால் செய்வது முழுக்க சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. பெயரை வைத்து, சட்டப்படி நான் தொழிலாளியே இல்லை, அதனால் அந்தப் பணம் கிடையாது என்று சொல்லிவிட முடியுமா? தொழிலாளர் வழக்குப் பார்க்கும் நல்ல வக்கீல் கோவையிலோ திருப்பூரிலோ இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்.