கூட்டமில்லாத வருஷத்து எஃப்ஏ கோப்பை: நீங்கள் எங்கிருந்து பார்த்தீர்கள்?

கிராஸ்பிக்காரன்

2020–21 எஃப்ஏ கோப்பையைப் பற்றி (இங்கிலாந்தில் சின்ன கிளப், பெரிய கிளப் எல்லாம் மோதும் கால்பந்துக் கோப்பை) யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை, நானே ஆரம்பிக்கிறேன்.

கொரோனா சீசன். மைதானங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஆனால் இங்கிலாந்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் நேரில் பார்த்த ஒரே எஃப்ஏ கோப்பை ஆட்டம் அந்த சீசனில்தான். அதுவும் குளியலறை ஜன்னல் வழியாக.

லிவர்பூலுக்கு வடக்கே கடலோரமாக இருக்கிறது கிராஸ்பி. அந்த ஊர் கிளப்பின் பெயர் மரீன். பிரீமியர் லீக்கை முதல் படி என்று வைத்தால் இவர்கள் அப்போது ஆடியது எட்டாம் படியில். மைதானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் முழுக்க வீடுகளின் கொல்லைப்புறம்தான். வேலிக்கும் பக்கவாட்டுக் கோட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். அங்கே குடியிருப்பவர்களுக்குத் துணி எடுக்கப் போகும்போது பந்தையும் எடுத்துத் திருப்பி எறிவது ஒரு வேலை.

அந்த மரீன், முதல் சுற்றில் நான்காம் படி அணியான கொல்செஸ்டரை பெனால்டியில் தோற்கடித்தது. இரண்டாம் சுற்றில் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஒரு கோல். அடித்த நியால் கமின்ஸ் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். மூன்றாம் சுற்றுக்கான குலுக்கலில் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? டோட்டன்ஹாம், மேனேஜர் மொரின்யோவின் டோட்டன்ஹாம். குலுக்கல் நடந்த அன்று பிரீமியர் லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்ததே அவர்கள்தான். இரண்டு அணிகளுக்கும் நடுவில் 161 இடங்கள். கோப்பை வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய இடைவெளியில் இரண்டு அணிகள் மோதியதில்லை.

ஊரே குதித்தது. அப்புறம் ஜனவரியில் மூன்றாவது ஊரடங்கு வந்தது. ஒருவரும் உள்ளே போக முடியாது. கிளப்புக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கக்கூடிய வருமானம் போயிற்றே என்று எல்லோரும் வருத்தப்பட்டபோது, பத்து பவுண்டுக்கு ‘மெய்நிகர் டிக்கெட்’ என்று விற்றார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எதையும் பார்க்க முடியாது, ஆட்டம் பிபிசியில் இலவசமாகவே வந்தது. ஆனாலும் 30,697 டிக்கெட் விற்றது. மைதானத்தின் கொள்ளளவே மூவாயிரத்துச் சொச்சம்தான். வாங்கியதில் ஸ்பர்ஸ் (டோட்டன்ஹாமின் செல்லப்பெயர்) ரசிகர்களும் நிறையப் பேர். எங்கள் வீட்டில் இரண்டு வாங்கினோம், ஒன்று மனைவி பேரில். “இதை வைத்து என்ன செய்வது?” என்று கேட்டாள். குளிர்பெட்டியில் ஒட்டினேன்.

ஜனவரி 10, ஞாயிறு, மாலை 5 மணி. இருட்டிவிட்டது. எங்கள் வீடு மைதானத்தை ஒட்டி இல்லை, ஒரு தெரு தள்ளி. மாடிக் குளியலறை ஜன்னலைத் திறந்து, துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றால் ஒரு பக்க கோலும் மைதானத்தில் கால்வாசியும் தெரியும். கீழே டிவியில் பிபிசி. மகள் படிக்கட்டில் உட்கார்ந்து மேலேயும் கீழேயும் செய்தி கடத்தினாள்.

ஆட்டம் 0–0. இருபது நிமிடம் ஆகியிருக்கும். ‘டங்’ என்று ஒரு சத்தம். குழாயில் தட்டினால் வருமே, அந்த மாதிரி. பந்து என் கண்ணுக்குத் தெரியாத பக்கம் போயிருந்தது. “என்ன ஆச்சு, என்ன ஆச்சு?” என்று கத்துகிறேன். கீழே இருந்து மகள், “ஒன்றும் ஆகவில்லையே அப்பா, பந்து நடுவில்தானே இருக்கிறது” என்கிறாள். சில நொடி கழித்து டிவியில் மரீனின் கெங்னி தூரத்திலிருந்து அடிக்கிறார், பந்து மேல்கம்பத்தில் படுகிறது. கூட்டம் இருந்திருந்தால் அந்தச் சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது.

மீதி உங்களுக்குத் தெரியும். 24-ஆவது நிமிடத்தில் தொடங்கி 37-க்குள் நான்கு கோல், அதில் மூன்று வினிசியஸ் அடித்தது. முடிவு 5–0. ஐந்தாவதை அடித்த அல்ஃபி டிவைனுக்கு வயது 16. ஸ்பர்ஸ் வரலாற்றிலேயே இளைய கோல்காரர். என் மனதில் நிற்பது அது அல்ல. எதிர்வரிசையில் ஒரு வீட்டார் அப்போதைய லிவர்பூல் மேனேஜர் க்ளோப்பின் அட்டைப் பொம்மையை வேலிக்கு மேல் தூக்கிப் பிடித்து மொரின்யோவுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். கை வலித்திருக்காதா என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கேட்விக் ஷிஃப்ட்

அண்ணா, அதே ஜனவரி 10 மதியம் எங்கள் கிராலியில் நடந்ததை எழுதாமல் விட்டால் ஊர் மன்னிக்காது.

கிராலி டவுன் நான்காம் படி. வந்தது பிரீமியர் லீக் அணி, மேனேஜர் பியெல்சாவின் லீட்ஸ். எனக்கு விமான நிலையத்தில் வேலை, அப்போது விமானமே இல்லை, வீட்டில்தான் இருந்தேன். முதல் பாதி 0–0. இடைவேளை முடிந்து வந்ததும் எங்கள் சருல்லா ஒருவர் ஒருவராகக் கடந்துபோய் ஒரு கோல். கார் விபத்தில் அடிபட்டு நீண்ட நாள் ஆட முடியாமல் இருந்தவர் அவர். ஆட்டம் முடிந்து பேட்டியில் அழுதுவிட்டார். மூன்று நிமிடம் கழித்து இரண்டாவது கோல். அடித்தவர் பெயர் திரையில் வருகிறது: ஆஷ்லி நடேசன்.

அம்மா ஊரிலிருந்து வீடியோ காலில் இருந்தார். கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. “நடேசனா? எந்த ஊர் நடேசன்?” என்றார். அன்று இரவு வரைக்கும் அதே கேள்வி. டன்னிக்ளிஃப் மூன்றாவதைப் போட்டு 3–0 ஆனதோ, டிவி பிரபலம் மார்க் ரைட்டை 90-ஆவது நிமிடத்தில் இறக்கி லீட்ஸை இன்னும் கொஞ்சம் வெறுப்பேற்றியதோ, எதுவும் அம்மா காதில் ஏறவில்லை.

டெர்பி பழசு

எல்லோரும் சந்தோஷமாக எழுதுகிறீர்கள். அதற்கு முதல் நாள் எங்கள் டெர்பி கவுன்டிக்கு நடந்தது என்ன? கொரோனா வந்து முழு அணியும் தனிமையில். இளையோர் அணிப் பையன்களை அனுப்பினார்கள். ஆறாம் படி சோர்லியிடம் 2–0. அவர்கள் மைதானம் உறைந்துபோய், கூடாரம் போட்டு ஹீட்டர் வைத்து இளக்கி ஆட்டத்தை நடத்தினார்கள். அப்படியே உறைய விட்டிருக்கலாம்.

இன்னொன்று. அந்த சீசனில் மறு ஆட்டமே கிடையாது. டிரா என்றால் அன்றே கூடுதல் நேரம், பெனால்டி. சின்ன கிளப் ஒன்று பெரிய மைதானத்தில் டிரா செய்து, மறு ஆட்டத்துக்கு அவர்களைத் தன் ஊருக்கு இழுத்துவருவதுதான் அப்போது இந்தக் கோப்பையின் ருசியாக இருந்தது. அதை எடுத்துவிட்டு வெறும் சோறு போட்டார்கள்.

கிராஸ்பிக்காரன்

மறு ஆட்டம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் சோர்லி பாவம், விடுங்கள். அடுத்த சுற்றில் பிரீமியர் லீக் அணியான வுல்வ்ஸிடம் 1–0 தான், அதுவும் எங்கிருந்தோ வந்த ஓர் அடி.

வெம்ப்ளி அக்கா

நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

யாழ்ப்பாணத்திலிருந்து 2002-ல் வந்தோம். அன்று முதல் வெம்ப்ளிதான். அடுத்த வருஷம், கோப்பை இறுதி ஆட்டங்கள் நடந்த பழைய மைதானத்தின் இரட்டைக் கோபுரத்தை இடித்தார்கள். பிறகு அந்தப் பெரிய வளைவு எழும்பினது. சமையலறையிலிருந்து பார்த்தால் வளைவின் மேல் பாதி தெரியும். பத்து நிமிட நடை. பத்தொன்பது வருஷம் ஒருநாளும் உள்ளே போனதில்லை. எங்களுக்கு மைதானம் என்றால் ‘இண்டைக்கு மேட்ச், காரை எடுக்காதே, திரும்பி வந்தால் இடம் கிடையாது’, அவ்வளவுதான். விருந்தாளி வந்தால் அவர்கள் காருக்குப் பார்க்கிங் பெர்மிட் தேட வேண்டும். தெருவில் பியர் டின் பொறுக்க வேண்டும்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 2020 மார்ச், ஏப்ரலில் எங்கள் பகுதியில் என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை.

2021 ஏப்ரலில் ஒரு அறிவிப்பு வந்தது. கூட்டத்தை எப்படித் திரும்ப உள்ளே விடலாம் என்று சோதித்துப் பார்ப்பதற்காக, லெஸ்டர் – சவுத்தாம்ப்டன் அரையிறுதிக்கு 4,000 பேர். இரண்டு கிளப்பின் ரசிகர்களுக்கும் இடமில்லை. வெம்ப்ளி இருக்கும் பிரென்ட் பகுதி மக்களுக்கும் எங்களைப் போல வேலை செய்கிறவர்களுக்கும் மட்டும். மகன் விண்ணப்பம் போட்டான், கிடைத்தது. பரிசோதனை செய்து, நெகட்டிவ் என்று காட்டித்தான் உள்ளே போகலாம். ஒரு வருஷமாக மற்றவர்களின் மூக்கில் குச்சி விட்ட எனக்கு, பந்து பார்க்கப் போவதற்காக என் மூக்கில் ஒருவர் குச்சி விட்டது சிரிப்பாக இருந்தது.

ஏப்ரல் 18, ஞாயிறு. 90,000 இருக்கையில் 4,000 பேர் என்றால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு நாலு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு இருப்பார்களே, அப்படி. மைதானத்துப் பொடியன்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதும் திட்டுவதும் காதில் தெளிவாக விழுகிறது. முன் வரிசையில் ஒரு பஸ் டிரைவர், பக்கத்தில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர். யாருக்குக் கை தட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மகன் காசு சுண்டினான். பூ விழுந்தது, லெஸ்டர் என்றான்.

55-ஆவது நிமிடம் வார்டி இடது பக்கமாக ஓடிப்போய்ப் பந்தைக் கொடுக்க, இஹியனாச்சோ அடித்தார், எதிராளி மேல் பட்டு அவரிடமே திரும்பி வந்தது, மறுபடி அடித்தார். கோல். 4,000 பேரும் எழும்பினோம். லெஸ்டர் எங்கே இருக்கிறது என்று படத்தில் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது. தொண்டை கட்டும் வரை கத்தினேன். மாஸ்க் நனைந்துபோயிற்று. ஒரு வருஷமாக எங்கும் கத்தவில்லை, அழவும் நேரமில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மகன் ஃபோனில் செய்தி காட்டினான். இங்கிலாந்தின் ஆறு பெரிய கிளப்புகள் தனியாக ‘சூப்பர் லீக்’ போகின்றனவாம். செல்சி, டோட்டன்ஹாம் எல்லாம் அதில். எனக்கு விளங்கவில்லை. “பணக்காரர்கள் தனிப்பந்தி போடுறாங்கள் அம்மா” என்றான். அது விளங்கியது.

லெஸ்டர் நெல்லையான்

அக்கா, அந்த ஆறில் இல்லாத லெஸ்டரும் ஆறில் இருந்த செல்சியும்தான் இறுதி ஆட்டத்தில். சூப்பர் லீக் இரண்டே நாளில் கவிழ்ந்தது என்றாலும், எங்கள் ஊரில் அந்த இறுதி ஆட்டத்தை யாரும் வெறும் ஆட்டமாகப் பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி. அன்று அவருக்கு 77. லெஸ்டர் அதுவரை நான்கு இறுதி ஆட்டங்களில் தோற்றிருந்தது: 1949, 1961, 1963, 1969. முதலாவதற்கு அவருடைய அப்பா போயிருந்தார். மற்ற மூன்றுக்கும் இவரே. 1961-ல் டோட்டன்ஹாமுக்கு எதிராக ஆரம்பத்திலேயே சால்மர்ஸுக்குக் கால் போய்விட்டது. அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது, நொண்டிக்கொண்டே நின்றார். 2–0. 1963-ல் லெஸ்டர்தான் ஜெயிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், மான்செஸ்டர் யுனைடெட் அந்த வருஷம் லீக்கில் கீழே இறங்காமல் தப்பித்ததே பெரிது. 3–1, யுனைடெட். 1969-ல் கோப்பையும் போய், அதே சீசனில் அணி கீழ்ப் பிரிவுக்கும் இறங்கியது. இதை எல்லாம் ஊரடங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தவணை முறையில் சொல்வார். நாட்டிலேயே முதலில் உள்ளூர் ஊரடங்கு போட்டது எங்கள் ஊருக்குத்தான், 2020 ஜூன் கடைசியில். பேச நேரத்துக்குக் குறைவில்லை.

மே 15 இறுதி ஆட்டம். அடுத்தவர் வீட்டுக்குள் போக மே 17-லிருந்துதான் அனுமதி. இரண்டே நாள்! தோட்டத்தில் சேரலாம், உள்ளே கூடாது. தாத்தா சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை. டிவியைச் சமையலறை ஜன்னலில் வெளியே பார்த்தபடி வைத்தார். நாங்கள் நால்வரும் தோட்டத்து நாற்காலியில், போர்வையோடு, கையில் குடையோடு. அந்த மே முழுக்க மழைதான். என் மனைவி ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்தாள். தாத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, “இது மருந்தா?” என்றார். ஆனாலும் குடித்து முடித்தார்.

63-ஆவது நிமிடம். எங்கள் டீலமன்ஸ். கோலிலிருந்து முப்பது கஜம் இருக்கும். வலது மேல் மூலையில் போய் இறங்கியது. நாங்கள் குதித்தோம், தாத்தா குதிக்கவில்லை. “இன்னும் இருக்கிறது” என்றார். செல்சியின் சில்வெல் தலையால் முட்டியதை எங்கள் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் விரல் நுனியால் கம்பத்தில் தள்ளினார், மவுன்ட் அடித்ததைப் பாய்ந்து தடுத்தார். தாத்தா அப்போதும் “இன்னும் இருக்கிறது”.

89-ஆவது நிமிடம் பந்து உள்ளே போய்விட்டது. லெஸ்டரிலிருந்து செல்சிக்குப் போன அதே சில்வெல் புகுந்து, பந்து எங்கள் மோர்கன் மேல் பட்டு கோலுக்குள். தாத்தா டிவியிலிருந்து முகத்தைத் திருப்பி ரோஜாச் செடியைப் பார்த்தார். ஐந்தாவது தடவை. அவர் கையில் குடை விரியாமல் இருந்தது, அதன் நுனியால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தார். நாங்களும் பேசவில்லை. வீடியோவில் பார்த்து ஆஃப்சைடு, கோல் செல்லாது என்று சொன்னபோது கூட அவர் திரும்பவில்லை. என் மகன்தான் போய்த் தோளைத் தொட்டான்.

முடிந்த பிறகு ஷ்மைக்கேல் கிளப் உரிமையாளர் ‘டாப்’பை மைதானத்துக்குள் இழுத்து வந்தார். அவருடைய அப்பா விச்சாய் 2018-ல் எங்கள் மைதானத்துப் பக்கத்திலேயே ஹெலிகாப்டர் விழுந்து இறந்தவர். வீரர்களின் சட்டைக்குள் அவர் படம் இருந்தது. தாத்தா அப்போதுதான் அழுதார். அப்பாவும் மகனும் என்றால் அவருக்கு வேறு கணக்கு, 1949 கணக்கு.

டெர்பி பழசு

லெஸ்டர்காரர்களை எனக்குப் பிடிக்காது. தாத்தாவுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

கேட்விக் ஷிஃப்ட்

வெம்ப்ளி அக்கா, இறுதி ஆட்டத்துக்கு 20,000 பேரை விட்டார்களே, உங்களுக்கு டிக்கெட் கிடைத்ததா?

வெம்ப்ளி அக்கா

இல்லைத் தம்பி. உள்ளூர்க்காரருக்கு என்று இடம் இருந்தது, போட்டோம், குலுக்கலில் வரவில்லை. பக்கத்து வீட்டாருக்கு வந்தது. பரவாயில்லை.

அன்று பின்னேரம் தெருவில் நீலச் சட்டைகள் நடந்து போவதைப் பார்த்தேன். பதினான்கு மாதத்துக்குப் பிறகு. இரண்டு அணியும் நீலம், யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஒரு டின்னை எங்கள் மதிலில் வைத்துவிட்டுப் போனார்கள். எடுத்துப் போட மனம் வராமல் அப்படியே விட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. மகன் ஹாலில் ஆட்டம் பார்க்கிறான். திடீரென்று வளைவுப் பக்கமிருந்து ஒரு சத்தம் எழும்பி வந்தது, அலை மாதிரி, நின்று போகாத சத்தம். கரண்டியோடு ஹாலுக்கு ஓடினேன். “யார் அடிச்சது, யார் அடிச்சது?” மகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். டிவியில் டீலமன்ஸ் இன்னும் பந்தைத் தொடவில்லை.