அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குச் சலிப்பு: என்ன செய்யலாம்?

மகளுக்கு 5 வயது, மகனுக்கு 7. மொரீஷியஸின் போர்ட் லூயி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாலும் நிறுத்தி வாசித்துக் காட்டினேன், பத்து நிமிடத்தில் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஆப்ரவாசி காட் போகிறோம், இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய பழைய துறைமுக இடம்.

பதில்: எல்லாவற்றையும் காட்டாதீர்கள் அக்கா. நம் முன்னோர் கப்பலிறங்கி ஏறிய 16 கற்படிகள் அங்கே இருக்கின்றன, பிள்ளைகளையே எண்ண விடுங்கள், 'ஒரு மூட்டைதான் கொண்டுவரலாம் என்றால் உள்ளே எதை வைப்பாய்?' என்று கேளுங்கள். இங்கே பேசும் கிரியோல் மொழியில் பதில் சொன்னாலும் சரி, திருத்தாதீர்கள்.

பதில்: பென்சிலும் தாளும் எடுத்துப் போங்கள். நீங்கள் போன இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூட்டை வரையும்போதுதான் என் பையன் 'இறக்கை ஏன் இவ்வளவு குட்டி?' என்று கேட்டான். முக்கால் மணி நேரம் போதும்.

நன்றி! மூட்டைக் கேள்வியை இப்போதே கேட்டேன், சின்னவள் பாட்டியின் அம்மிக்குழவி என்கிறாள்.