பெய்லி பாலத்தை நம் இராணுவப் பட்டறையில் செய்ய முடியாதா?

ஹட்டன்_வழிப்போக்கன்:
2025 நவம்பரில் இலங்கையில் டித்வா புயல் அடித்து மலையகப் பாதைகள் அறுந்தபிறகு, பெய்லி பாலங்கள், அதாவது இரும்புத் துண்டுகளைக் கோத்துக் கட்டும் பாலங்கள், இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்திறங்கின. அந்த உதவியை மறக்க முடியாது. ஆனால் கண்ணிவெடி தாங்கும் யுனிபஃபல் வண்டிகளை உருவாக்கியது நம் இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் படைதான். அவர்களால் பாலப் பேனல், அதாவது பாலத்தின் பக்கச் சட்டத் துண்டு, செய்ய முடியாதா? படையை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பதாக 2023இல் அறிவித்தார்கள். ஆள் குறையும்போது இருக்கிற சிப்பாய்க்கு நல்ல சாமான் வேண்டாமா?

பதுளை_வெல்டிங்:
முடியும் அண்ணே. ஆனால் கஷ்டம் அளவு பிசகாமல் செய்வதில்தான் இருக்கிறது. ஒரு பேனல் 10 அடி நீளம், ஏறக்குறைய 5 அடி உயரம். எந்தப் பேனலும் எந்தப் பேனலோடும் சேர வேண்டும். பேனல்களை ஆணி போட்டுக் கோக்கும் மேல் துளைகளின் இடைவெளி கீழ்த் துளைகளுடையதைவிட 1 மில்லிமீற்றர் குறைந்தால், 10 பேனல் கோத்த பாலம் நடுவில் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் தொய்யும். இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுவேறாகத் தொய்ந்தால் தளம் முறுக்கிக்கொள்ளும், ஆணி ஏறாது. அப்போது துளையைக் குடைந்து பெரிதாக்குகிறார்கள். அதைச் செய்யவே கூடாது, அந்தப் பேனலை ஒதுக்கிவிட வேண்டும்.

அதனால் முதல் செலவு கனமான ஜிக், துண்டுகளை அசையாமல் சரியான இடத்தில் பிடிக்கும் சட்டகம். எல்லாத் துண்டையும் அதில் இறுக்கி, புள்ளி வெல்டு போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மாறிமாறி ஒட்டி, ஆறியபிறகே கழற்ற வேண்டும். உயர் இழுவிசை இரும்புக்குக் குறைந்த ஹைட்ரஜன் வெல்டிங் குச்சிதான். நம் மூடுபனியில் திறந்து கிடந்த குச்சி ஈரத்தை இழுத்துவிடும், வெல்டுக்குப் பக்கத்தில் அடுத்த நாள் வெடிப்பு விழும். 300–350 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரமாவது காயவைத்துச் சூடாகவே எடுக்க வேண்டும். இரும்பு எப்படியும் இறக்குமதிதான்.

கொத்மலை_ஓவசியர்:
சிப்பாய்களின் பக்கத்தையும் பாருங்கள். ஒரு பேனல் 262 கிலோ. ஆறு பேர் தூக்கினால் தலைக்கு 44 கிலோ, அதுவும் சேற்றில். 100 அடிக்கு இரட்டைச் சட்டம், அதாவது பக்கத்துக்கு இரண்டு வரிசை, கட்டினால் 40 பேனல், பேனல் எடை மட்டும் பத்தரைத் தொன். கிரேன் வேண்டாம், உருளைமேல் தள்ளலாம் என்பதுதான் இந்தப் பாலத்தின் பெருமை. ஆனால் பாலத்துக்கு முன்னால் மூக்கு என்கிற இலேசான தற்காலிகச் சட்டம் கட்டி, அது அக்கரை உருளையைத் தொடும்வரை மொத்தப் பாரத்தின் மையம் இக்கரை உருளைக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். தவறினால் எல்லாம் ஆற்றுக்குள் கவிழும். இதற்குப் பின்னால் நேரான பாதை வேண்டும். நம் பாலங்களுக்கு முன்னால் இருப்பதோ கொண்டை ஊசி வளைவு. தேயிலை மேட்டை வெட்டித்தான் இடம் எடுக்க வேண்டும், வெட்டின இடமே அடுத்த மழையில் சரியும்.

இன்னொன்று, நின்ற பாலமும் கெடும். கரை மண் அரித்தால் பாலத்தின் முனையைத் தாங்கும் அடித்தட்டு ஒரு பக்கம் இறங்கும். முதல் வாரம் தினமும் தட்டின் மட்டத்தையும் ஆணிக் கிளிப்புகளையும் பார்க்க வேண்டும்.

ஹட்டன்_வழிப்போக்கன்:
அப்படியென்றால் எதில் தொடங்கலாம்?

பதுளை_வெல்டிங்:
பேனலில் வேண்டாம். ஏறுபாதை, தளப்பலகை, அடித்தட்டு, தூக்கு தண்டு, இவற்றை நாளைக்கே செய்யலாம். பேனல் ஆணி வெப்பப் பதம் ஏற்றிய கலப்பு உருக்கு, அதை வாங்கிக்கொள்ளலாம். பிறகு சில பேனல்களை ஜிக்கில் செய்து, பாரம் ஏற்றிச் சோதித்து, வாங்கிய பேனலோடு கோத்துப் பார்க்க வேண்டும்.

கொத்மலை_ஓவசியர்:
செய்ததைக் கொழும்பில் அடுக்காதீர்கள். கொழும்பு–கண்டி வீதியில் கடுகண்ணாவையில் மண் சரிந்தால் லொறி சுற்றித்தான் வர வேண்டும். மலையகத்திலேயே ஒரு தொகுதி பல்லேகலையில், ஒன்று தியத்தலாவையில், தரையில் படாமல் கட்டைமேல்.