பழைய கால்பந்து வீரர்களுக்கு நினைவாற்றல் சோதனை: உதவி தேவை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் பல வருடம் கால்பந்து ஆடிய, 50 வயது தாண்டியவர்களுக்கு நினைவாற்றல் சோதனை நடத்த இருக்கிறோம். தமிழில் 'மோகா' (MoCA, நினைவாற்றல், கவனம் போன்றவற்றைப் பார்க்கும் சிறு கேள்வித்தாள்) சோதனை செய்யப் பயிற்சி பெற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க.

காரணம் இதுதான். 2019இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மூளைச் சிதைவு நோயால் இறந்தவர்கள் பொதுமக்களைவிட சுமார் மூன்றரை மடங்கு. 2021இல் தொடர்ந்த ஆய்வில் டிஃபெண்டர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்கள் அளவுதான். ஹெட்டிங்தான் (பந்தைத் தலையால் முட்டுவது) காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை, ஆனால் சந்தேகம் அங்கேதான் போகிறது.

வருபவர்கள் பி12, தைராய்டு ரிப்போர்ட் கொண்டு வரணும். இவை குறைந்தாலும் மறதி வரலாம், மருந்தில் சரியாக வாய்ப்புண்டு. காது மந்தமானவருக்கு மதிப்பெண் வீணாகக் குறையும், மிஷின் இருந்தால் மாட்டிக்கொண்டு வரட்டும். வீட்டார் ஒருவர் கட்டாயம். தன் மறதி தனக்கே தெரியாமல் போவதுண்டு. ஆடிய இடம், எத்தனை வருடம், அடிபட்டு நினைவு தப்பியது உண்டா என்று எழுதி வரவும்.

சிறுவர் பயிற்சிக்கு 4ஆம் நம்பர் பந்துகளும் (350 முதல் 390 கிராம்) காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்றும் வேண்டும். கல் மாதிரி காற்றடித்த பந்து தலையில் பலமாக மோதும். பந்தில் அச்சிட்ட காற்றழுத்த அளவுகளில் குறைந்ததே போதும். இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் கூடாது என்பதே வழிகாட்டுதல். தர முடிந்தவர்கள் கீழே எழுதுங்க.