கடை ஷட்டரில் எனாமல் பாளம் பாளமாக உரிகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
புது ரோலிங் ஷட்டர், வெள்ளி நிறத் தகடு. சோப்புத் தண்ணீரில் துடைத்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு கோட், சிந்தெடிக் எனாமல் இரண்டு கோட் அடித்தது. எட்டு மாதம் கழித்து இப்போது கை அகலத்துக்கு உரிகிறது. பிரைமரும் சேர்ந்தே வருகிறது. அடியில் துரு இல்லை. மேலே தேய்த்துவிட்டு எபாக்ஸி பிரைமர் அடித்தால் நிற்குமா? பக்கத்து மரக்கதவில் வாட்டர் பேஸ் பெயிண்ட். அது நிலையோடு ஒட்டிப் பிய்ந்து வருகிறது.

பதில் 1:
துருவே இல்லாமல் பிரைமரோடு உரிகிறது என்றால் அது பெரும்பாலும் கால்வனைஸ்டு தகடுதான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. கீறிய இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் துத்தநாகம், சிவப்பாக வந்தால் வெறும் இரும்பு. எனாமலில் இருக்கும் எண்ணெய், ஈரம் பட்டால் துத்தநாகத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாக மாறிவிடும். பிடிப்பு போவது அதனால்தான். சாதாரண ரெட் ஆக்ஸைடும் எண்ணெய்ச் சரக்கே, அதுவும் தப்பாது. நன்றாக ஒட்டியிருப்பதுபோல் தெரியும் இடமும் பின்னால் உரியும், எனவே முழுவதும் எடுத்துவிடுங்கள்.

ஸ்கிரேப்பர், பெயிண்ட் ரிமூவர் போதும். கிரைண்டரில் வயர் கப் (கிண்ண வடிவக் கம்பி பிரஷ்) மாட்டி ஓட்டாதீர்கள். துத்தநாகப் பூச்சு பக்கத்துக்கு 20 மைக்ரான் அளவுதான், பல தகடுகளில் அதுகூட இல்லை. பிறகு டிகிரீஸர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி) போட்டுக் கழுவி, 240 நம்பர் எமரியால் லேசாக மங்கலாக்குங்கள். கால்வனைஸ்டுக்கென்றே வரும் வாட்டர் பேஸ் அக்ரிலிக் பிரைமர் ஒரு கோட், அதன்மேல் அக்ரிலிக் டாப் கோட் இரண்டு.

பதில் 2:
எட்ச் பிரைமரும் (ஆசிட் கலந்தது, தகட்டை லேசாக அரித்துப் பிடிக்கும்) ஆகும், ஆனால் அது மெல்லிசாக, அடித்தட்டு லேசாகத் தெரிகிற அளவுக்குத்தான் போக வேண்டும். தடித்தால் அதுவே பிளந்து வரும். எட்ச் பிரைமர்மேல் நேரடியாக எபாக்ஸி அடிக்கக் கூடாது. மிச்சமிருக்கும் ஆசிட் எபாக்ஸியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரைக் கெடுக்கும். எபாக்ஸிதான் வேண்டுமென்றால், சுத்தம் செய்து மங்கலாக்கிய தகட்டில் நேராக அடித்து, மேலே பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட்.

ஷட்டரில் பலர் கோட்டைவிடும் இடம் பட்டைகள் கோத்துக்கொள்ளும் மடிப்பு. அங்கே பெயிண்ட் தேங்கினால் ஷட்டர் இறுகும், சுருட்டும்போது உரசியே உரியும். மினி ரோலரில் அடித்து, மடிப்பில் தேங்கியதைக் காய்ந்த பிரஷால் இழுத்துவிடுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம் சுருட்டாமல் விடுங்கள். வெயில் ஏறிச் சுடும் தகட்டில் அடிக்க வேண்டாம், பனி ஈரத்திலும் வேண்டாம்.

கேட்டவர்:
முழு வேலைக்கு முன் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில் 2:
ஒரு பட்டையில் மட்டும் அடித்து ஒரு வாரம் விடுங்கள். பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கோடு கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் முழுசாகப் பெயர்ந்தால் சுத்தம் செய்ததில் குறை. பெயிண்டை மாற்றிப் பயனில்லை.

பதில் 1:
கதவுக்கு: நிலையும் கதவும் தொடும் விளிம்பில் இடைவெளி 2–3 மி.மீ. இருக்கிறதா பாருங்கள். பழைய கோட்டுகள் அங்கே ஏறியிருந்தால் மரம் தெரியும்வரை தேய்த்து, மெல்லிய ஒரே கோட் மட்டும் கொடுங்கள். மரத்துக்கு எனாமல் தாராளமாக ஆகும். விளிம்புக்கு மட்டும் அதை அடித்தால் இந்த ஒட்டல் வராது. காற்றுத்தடுப்பு வினைல் பட்டை இருந்தால் அது பெயிண்டை இளக்கும், ரப்பர் பட்டைக்கு மாறலாம். கதவைக் கழற்றியதும் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பெயிண்டே இருக்காது. அது வழியே ஈரம் ஏறித்தான் கதவு ஊதி இறுகுகிறது.